பழம்பொருட் கடையில் கிடைத்த பறை

(சங்கத்தின் வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கல்வியின் சிறப்பு இம்மேடையில் பேசப்படாத ஆண்டு ஒன்றேனும் இல்லை. ஆதலின் இன்று ஒரு தோற்கருவியைப் பற்றிப் பேசுவதற்குத் தலைவரிடம் இசைவு பெற்று வந்திருக்கிறோம்.

கல்விச் சங்கத்திற்கும் தோற்கருவிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். தொடர்பு இருக்கிறது. நம் இளைஞர்கள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டுச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம் அளித்துள்ளனர். சங்கத்தின் செலவில் பறைகள் வாங்க வேண்டும், பயிற்றுநர் ஒருவரை அமர்த்த வேண்டும், சங்கத்தின் பெயரால் பறைக்குழு ஒன்று அமைய வேண்டும் என்பன அவர்தம் வேண்டுகோள். அவ்விண்ணப்பம் வந்த அதே வாரத்தில் மூத்த உறுப்பினர் சிலர், “பறை இந்தப் படி ஏறுமானால் நாங்கள் இந்தப் படி இறங்குவோம்” என்று வாய்மொழியாகத் தெரிவித்துவிட்டனர். இரு திறத்தாரும் நம்மவரே. இரு திறத்தார் பேச்சிலும் பொருள் உண்டு. இவ்வழக்கிற்கு நடுவில்தான் பழம்பொருட் கடையிலிருந்து ஒரு பழம்பறை நம்மிடம் வந்து சேர்ந்தது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தாமிரபரணி கரைமீறிய கதையை ஏரல் வட்டாரத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. ஏரல் பாலம் அறுபட்டது. கடைத்தெருவும் தெருக்களும் நீரில் நின்றன. நம் படிப்பகத்தின் மர அடுக்குகள் ஊறி, உப்பி, பிளந்து போயின. அவற்றிற்கு மாற்றாக இரும்பு அடுக்கு மலிவாகக் கிடைக்குமா என்று பார்ப்பதற்குச் செயற்குழு உறுப்பினர் இருவரோடு ஏரலிலுள்ள பழைய இரும்புக் கடை ஒன்றிற்குச் சென்றோம்.

வெள்ளத்திற்குப் பின் வீடுகள் கழித்த பொருள்களால் அக்கடை நிறைந்திருந்தது. துருவேறிய தையல் எந்திரம், பிடியற்ற அண்டா, துருத்தி கிழிந்த ஆர்மோனியம், உப்பிப்போன கட்டில் சட்டங்கள். அச்சட்டங்களுக்கிடையில் ஒரு மரவளையம் செருகிக் கிடந்தது. அதை உருவி எடுத்தபோது கடைக்காரர், “அது சல்லடை வளையம் சார், வலை மட்டும் போட்டால் போதும், நூறு ரூபாய் கொடுங்கள்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தோல் போன பறையும் வலை போன சல்லடையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

ஆனால் அது சல்லடை அன்று. சல்லடை வளையம் மெல்லிய ஒரே பட்டையை வளைத்துச் செய்வது. இதுவோ கனத்த மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்திய வட்டம். பொருத்துவாய் மூன்றிலும் இரும்புத் தகடு அறைந்திருந்தது. குறுக்களவு ஏறத்தாழ ஒன்றரைச் சாண். ஒரு பக்க விளிம்பில் புளியங்கொட்டைப் பசையின் கருஞ்சிவப்புக் கறையும், அதில் ஒட்டிய தோலின் நார் நாரான மிச்சமும் இருந்தன. வளையத்தில் ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிட வழவழவென்று தேய்ந்து கறுத்திருந்தது. இடத்தோளில் மாட்டிய பறையை உடம்போடு அணைத்துப் பிடிக்கும் கை படும் இடம் அது. ஓராண்டு ஈராண்டில் மரம் அப்படித் தேயாது. யாரோ ஒருவர், அல்லது தந்தையும் மகனுமாக இருவர், வாழ்நாள் முழுவதும் அணைத்த தேய்மானம் அது. நூறு ரூபாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டோம். இரும்பு அடுக்கு அன்று கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாம் பழமைக்கு நடுவில் வாழ்பவர்கள். மேற்கே ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகர் என்னும் செருமானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அவர்களும் அகழ்ந்தெடுத்த தாழிகளும் வெண்கலங்களும் இரும்புக் கருவிகளும் உலகறிந்தவை. அண்டையிலுள்ள சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் உமி ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமையுடையதெனக் கணிக்கப்பட்டது. மறுபக்கம் முத்துக் குளித்த கொற்கை. ஆயினும் இம்மண்ணை எவ்வளவு ஆழம் தோண்டினும் பறை கிடைத்தல் அரிது. மரம் மட்கும், தோல் அழுகும், பசையைப் பூச்சி தின்னும். பறையின் பழமையைப் பாட்டிலும் பரணிலும்தான் தேடவேண்டும். பரண்களில் இருந்தவற்றை வெள்ளம் இறக்கிவிட்டது.

முதலில் பாட்டைப் பார்ப்போம். தொல்காப்பியம் நிலங்களின் கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. மலைக்குத் தொண்டகப் பறை, மருத வயலுக்கு நெல்லரிகிணை, கடற்கரைக்கு மீன்கோட்பறை எனப் பின்வந்த இலக்கணம் பகுத்துச் சொல்லும். நெல் அறுக்கும்போது முழங்குவதும், மீன் பிடிக்கும்போது முழங்குவதும் நம் வட்டாரத்தில் பத்துக் கல் தொலைவிற்குள் நிகழக்கூடியவை என்பதை எண்ணிப் பாருங்கள். பறை இல்லாத நிலமே இலக்கணத்தில் இல்லை. பறை என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள். இன்றும் மலையாளத்தார் பேசுவதைப் ‘பறைதல்’ என்றே சொல்கின்றனர். அரசனின் முரசு கட்டிலில் அறியாமல் படுத்துறங்கிய மோசிகீரனாரை வாளால் வெட்டாமல், அவர் உறங்கி எழும்வரை சேரமான் விசிறிக்கொண்டு நின்ற கதையை நம் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் படித்திருப்பார்கள். விசிறியது புலவருக்கு. ஆனால் வெட்டியிருக்கக் கூடும் என்னும் அளவிற்கு அந்தக் கட்டில் புனிதமாக இருந்தது ஒரு தோற்கருவிக்காக. பாடம் நடத்தும் நம்மில் பலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகிறோம்.

புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வர் குடிகளைச் சிறந்த குடிகளாகப் பெயர் சொல்லிப் பாடுகிறார். நால்வருள் இருவரேனும் கருவியால் பெயர் பெற்றவர் என்பது வெளிப்படை. அதே நூலின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிக்கும் ஓர் ஊரைக் காட்டுகிறார். சாவுக்கு ஒரு கருவி, மணத்துக்கு ஒரு கருவி என்று பகுப்பு அன்றே இருந்தது. ஆனால் அதை அடித்தவரைத் தீட்டென்று புலவர் சொல்லவில்லை.

அதன்பின் என்ன நேர்ந்தது? தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் வரிசையில் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் சொற்கள் வந்துவிட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேரி வேறாயிற்று. கொங்குநாட்டுக் கல்வெட்டுகளில் இன்னொரு செய்தி உண்டு. கம்மாளர் தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக்கொள்ளலாம், காலில் செருப்பணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று மன்னன் ஆணை தருகிறான். தம் வீட்டு நிகழ்ச்சிக்குக் கொட்டு முழங்குவது ஒருவர்க்கு அரசன் அளிக்கும் உரிமை. அடுத்தவர் வீட்டு நிகழ்ச்சிக்கு அழைத்தபோதெல்லாம் ஓடிவந்து கொட்டுவது மற்றவர்க்குக் கடமை. ஒலி ஒன்று, தோல் ஒன்று. யாருக்காக, யார் ஆணையால் என்பதில்தான் ஏற்றமும் இழிவும் புகுந்தன. இளைஞர்கள் இக்கருத்தை மனத்தில் இருத்த வேண்டுகிறோம். நாம் சொல்ல வந்ததன் மையம் இதுவே.

மணிமேகலையின் முதற்காதையில் இந்திரவிழாவை அறிவிக்க முரசம் யானையின் பிடரியில் ஏறிச் செல்கிறது. நம் தாத்தாக்கள் காலத்தில் அறிவிப்புப் பறை யானைமேல் போகவில்லை. வரிபாக்கிக்கு ஏலம் என்றும், குளத்து மடை திறக்கிறது என்றும் வெயிலில் தெருத்தெருவாக நடந்து தண்டோராப் போட்டவர் நம்மவர். செய்தி அரசுடையது, குரல் நம்முடையது, கூலி பெரும்பாலும் பேருக்கு. அவ்வழக்கம் எவ்வளவு நாள் நீடித்தது தெரியுமா? 2022 ஆகஸ்டில்தான் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்கள், தண்டோராப் போடுவதை இனித் தடைசெய்ய வேண்டும், வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நாடு விடுதலை பெற்று எழுபத்தைந்து ஆண்டு நிறையும் மாதத்தில்!

ஆங்கில அகராதிக்குள் நம் பெயர் புகுந்த விதத்தையும் அறிவீர்கள். பறையிலிருந்து பிறந்த சொல்லை, ஒதுக்கப்பட்டவன், யாரும் சேர்க்காதவன் என்னும் பொருளில் உலகம் முழுவதும் ஆள்கிறார்கள். அச்சொல்லை ஒருவகையில் எதிர்கொண்டவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் தாம் தொடங்கிய இதழுக்கே ‘பறையன்’ எனப் பெயரிட்டு, இழிவென்று எறியப்பட்டதைக் கொடியாகப் பிடித்தார். எம்.சி. இராசா அவர்கள் வேறுவழி சென்றார். 1922இல் சட்டமன்றத்தில் முயன்று, அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் இடம்பெறச் செய்தார். ஒருவர் பெயரை ஏந்தினார், ஒருவர் பெயரை மாற்றினார். இருவரையும் நாம் வணங்குகிறோம். நம் இளைஞர்க்கும் மூத்தோர்க்கும் இன்றுள்ள வழக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் பெயரைப் பற்றி நடந்த அதே வழக்கின் கிளைதான்.

இனிப் பரணைப் பார்ப்போம். அந்த வளையத்தை எடுத்துக்கொண்டு நம் தெருவில் எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவரிடம் சென்றோம். இளமையில் அவர் பறையடித்தவர் என்பது தெரியும். திண்ணையில் அமர்ந்திருந்தவர் வளையத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எய்யா, இதை எதுக்கு மறுபடியும் தூக்கிட்டு வந்தீய?” என்று கேட்டார். தொடவில்லை. உடன் வந்த இளைஞர் வளையத்தைத் தோளில் மாட்டிக் காட்டியபோது மட்டும் பொறுக்க மாட்டாமல், “தோள் மாத்திப் போட்டிருக்கான் பாருங்க, இடத்தோள்ல போடச் சொல்லுங்க” என்றார். அதன்பின் ஒரு மணி நேரம் அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆண்டு முழுவதும் அடித்ததற்குக் கூலி அறுவடைக் களத்தில் அளந்துபோடும் நெல். அதை அளப்பவர் மனம்போல் மரக்கால் நிறையும் அல்லது குறையும். இரவு எந்நேரமானாலும் சாவுச் செய்தி வந்தால் புறப்பட வேண்டும். தம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் போகத் தாமதித்ததற்கு, அடுத்த களத்தில் நெல் நிறுத்தப்பட்டது. பிணத்திற்கு முன்னால் அடித்துக்கொண்டு மயானம் வரை சென்றவர்க்கு, திரும்பி வந்ததும் தெருக்கோடியில் இலை. இவை நடந்தது எவ்வூரில் என்பதை அவர் சொன்னார். நாம் இங்கே சொல்லவில்லை. ஒருநாள் தெருவின் இளைஞர்கள் கூடி, இனி யார் அழைத்தாலும் அடிப்பதில்லை என்று முடிவு செய்தனர். அன்று மாலை குளத்துக்கரையில் பறைகளைக் குவித்துத் தீயிட்டனர். தீ வைத்தவர்களில் அவரும் ஒருவர். “என் பறையும் அதிலதான் போச்சு. எங்கப்பா வச்சிருந்தது. எரியும்போது தோல் டம்னு வெடிச்சுது” என்றார். அவர் கண் கலங்கவில்லை. வருந்துகிறாரா என்று கேட்கும் துணிவு நமக்கு வரவில்லை.

இளைஞர்களே, நம் பெரியவர்கள் பறையை வெறுத்ததால் கீழே வைத்தார்கள் என்று எண்ணாதீர்கள். அவர்கள் செய்தது ஒரு வேலைநிறுத்தம். 1927இல் மகாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டைத் தூக்குவதையும் அதன் இறைச்சியை உண்பதையும் விடுங்கள் என்று தம் மக்களிடம் சொன்னாரே, அவ்வரிசையில் வைத்து எண்ண வேண்டிய செயல் இது. கையில் வேறு தொழில் இல்லாத காலத்தில், களத்து நெல்லை இழந்து, ஊராரின் பகையைத் தாங்கி அவர்கள் அதைச் செய்தார்கள். அந்நெல் நின்ற பின்புதான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இரவில் பறையடிக்கப் போன தகப்பனோடு தீப்பந்தம் பிடித்துப் போக வேண்டிய பையன், இரவில் விளக்கடியில் உட்கார முடிந்தது. இச்சங்கம் பிறந்ததற்கு வழிவகுத்தது அது. ஆகவே மூத்தோர் “படி இறங்குவோம்” என்று சொல்லும்போது அதைப் பழமைவாதம் என்று நகையாட வேண்டாம்.

இளைஞர் தரப்பையும் கேட்போம். 1991ஐ ஒட்டி அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட காலந்தொட்டுத் தமிழகத்தில் பறைக்கு மறுவாழ்வு தொடங்கிற்று. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு அவர்கள், நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். 2005இல் அவர் மறைந்தார். நம் பக்கத்துத் திருச்சபைகளில் அவரை அறிந்தவர் பலர். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவினர் ஒடுக்கப்பட்ட இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே தொட்ட கருவியைப் பெண்கள் மாட்டிக்கொண்டு ஆடியதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். அமெரிக்க இசையாய்வாளர் சோயி செரினியன் தாமே பறை கற்று, அதைப் பற்றி 2011இல் ஓர் ஆவணப்படமும் எடுத்தார். கடல் கடந்த நாடுகளில் வாழும் தமிழர்கள் தம் பிள்ளைகளுக்குப் பொங்கல் விழாவில் பறை கற்றுத் தருகிறார்கள். 2025இல் மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் அவர்களுக்குப் பறையிசைக்காகவே பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. “இன்னும் எதற்கு வெட்கம்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான்.

இக்கேள்வியைத் திண்ணைப் பெரியவரிடம் வைத்தபோது அவர் சொன்ன விடை: “விருது டில்லியில குடுக்கான். இழவு இங்கதான விழுது?”

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடைபெறுகிறது. அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பறையை எடுக்கிறார்கள். தலைமையாசிரியர் என்ற முறையில் அதைக் கண்டு மகிழ்பவர்களில் நாமும் ஒருவர். ஆயினும் மேடையில் பறையடித்துப் பரிசு பெற்ற அந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால், அன்று அடிக்க யாருக்குச் சொல்லியனுப்புகிறார்கள்? பரிசு பெற்ற பிள்ளை அடிப்பதில்லை. சொல்லியனுப்புவது இன்னமும் ஒரே திசைக்குத்தான். அத்திசை மாறும்வரை மூத்தோரின் அச்சத்திற்குக் காரணம் உண்டு. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் அடிக்க வராவிட்டால் நாளை வயல்வேலைக்கு அழைக்காமல் விடுவதைக் கட்டாயம் என்று காவல் நிலையத்தில் எழுதி வாங்குவது எளிதன்று என்பது உங்களில் பலர்க்குத் தெரியும்.

இனிச் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கும். பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் பறையைக் கீழே வைத்துவிட்டோம். நம் வீட்டில் சாவு நேரும்போது என்ன செய்கிறோம்? ஓசையில்லாமலா எடுத்துச் செல்கிறோம்? இல்லை. வேற்றூரிலிருந்து பறைக்குழு ஒன்றை அழைக்கிறோம். வருபவரும் ஒடுக்கப்பட்டவர், நம்மினும் வறியவர், நம்மினும் குறைவாகப் படித்தவர். அவர்கள் வந்தால் பந்தலுக்குள் நாற்காலி போடுகிறோமா, வேப்பமரத்தடியைக் காட்டுகிறோமா? கூலி பேசும்போது, “நம்ம ஆளுங்கதான, பார்த்துப் போட்டுக் குடுங்க” என்று குறைக்கிறோமே, அதே சொற்களை நம் பெரியவர்களிடம் சொன்னவர்கள் யார்? சோறு போடும்போது அவர்களுக்கு முதற்பந்தியா, கடைசிப் பந்தியா? நாம் இறக்கிய சுமையை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு முன்னேற்றம் என்று பெயர் சூட்டுவோமானால் குளத்துக்கரையில் எரிந்தது வெறும் மரமும் தோலும்தான்.

ஆகவே இளைஞர் விண்ணப்பத்தைச் செயற்குழுவில் ஆதரித்தோம். மூத்தோரிடம் தனித்தனியே சென்று பேசினோம். இருவர் இசைந்தனர். ஒருவர் இன்னும் இசையவில்லை. அவர் இப்போதும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய மறுப்பையும் இம்மலரில் பதிவு செய்வது முறையெனக் கருதி இதைச் சொல்கிறோம்.

ஆதரித்ததற்குக் காரணம் கருவியின் நுட்பமே. விளிம்பு மிச்சத்தைப் பார்த்துத் திண்ணைப் பெரியவர் விளக்கியவற்றைக் கேட்டபோது, ஓர் அறிவியல் பாடத்தைக் கேட்டது போலிருந்தது. வளையம் மூன்று துண்டாக இருப்பது ஏன்? ஒரே பட்டையை வளைத்தால் தோலின் இழுப்பில் நாளடைவில் கோணிவிடும். மூன்றாகப் பொருத்தினால் இழுப்பைப் பகிர்ந்துகொண்டு வட்டம் வட்டமாகவே நிற்கும். கன்றுத் தோலை ஊறவைத்து, மயிர் களைந்து, புளியங்கொட்டைப் பசையால் விளிம்பில் ஒட்டி, ஈரத்திலேயே இழுத்துக் கட்டிக் காயவிட வேண்டும். காய்ந்து சுருங்கும்போது அது தானே விறைக்கும். அடிப்பதற்குமுன் சருகைக் கொளுத்தி அனலில் காட்டுவதும் அதே காரணம்தான். தோலில் ஏறிய ஈரம் வெளியேறினால் சுருதி ஏறும். மழைக்காலத்தில் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு இயற்பியல் வகுப்பில் சொன்னால் இழுவிசையும் அதிர்வெண்ணும் நூலிலிருந்து எழுந்து வந்து நிற்கும்.

இடக்கையில் மூங்கிலைச் சீவிய நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி. வலக்கையில் குட்டையான, கனத்த அடிக்குச்சி. இவ்விரண்டும் தோலின் நடுவிலும் ஓரத்திலும் மாறிமாறி விழுவதில்தான் எல்லா அடிகளும் பிறக்கின்றன. சாவு அடி, சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, ஒத்தையடி, வாழ்த்தடி என்று அவற்றிற்குப் பெயர்கள் உண்டு. பெரியவர் விரலால் திண்ணையில் தட்டிக் காட்டினார். சாவு அடியை மட்டும் தட்டிக் காட்டவில்லை, வாயால் சொன்னார். வீடு அது அல்லவா! எழுத்தில் இல்லாத இக்கல்வி இன்னும் பத்தாண்டில் அவரோடு போய்விடும். படித்தவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். படித்தவன் செய்யவேண்டிய முதல் வேலை எழுதிவைப்பது. ஆதலின் பெரியவர் சொன்ன அடிகள், அவற்றின் பெயர்கள், எந்நிகழ்ச்சிக்கு எது என்னும் முறை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதவும், கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யவும் கல்லூரி மாணவர் இருவரைப் பணித்திருக்கிறோம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திற்கும் ஒரு படி அனுப்பும் எண்ணம் உண்டு. தோலும் பசையும் செய்யும் முறையையும் விட்டுவிடக் கூடாது. இப்போது இரும்பு வளையமும் செயற்கை இழைத் தோலும் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. மழைக்கு அவை நல்லவைதான். காய்ச்ச வேண்டாம், பூச்சி அரிக்காது. ஆனால் ஒலி தகரத் தட்டை நினைவூட்டுகிறது என்று பெரியவர் சொன்னதை நம் காதும் ஒப்புக்கொண்டது.

செயற்குழு எடுத்த முடிவுகளை இனி அறிவிக்கிறோம். கடையில் வாங்கிய வளையத்திற்குத் தோல் போடுவதில்லை. அது அந்தத் தேய்மானத்தோடு, விளிம்பு மிச்சத்தோடு படிப்பகத்தில் அப்படியே இருக்கும். பயிற்சிக்குப் புதிய மரப்பறை ஆறு செய்யச் சொல்லியிருக்கிறோம். செய்பவர் கேட்ட விலையில் ஒரு ரூபாயும் குறைத்துப் பேசவில்லை. பயிற்றுநர்க்கு மாத ஊதியம் உண்டு. ஆங்கில வகுப்பு எடுக்கும் ஆசிரியர்க்குத் தருவதும் அதே தொகை. சங்கத்தின் குழு எந்த ஊர்ச் சாவுக்கும், யார் அழைப்பிற்கும், எவ்வளவு தொகைக்கும் போவதில்லை. நம் வீட்டு மணத்திலும் சாவிலும் அடிக்க விரும்பினால், அவ்வீட்டாரும் அடிப்பவரும் ஒருங்கே இசைந்தால் மட்டும் அடிக்கலாம். அடிப்பவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை. வேற்றூர்க் குழுவை அழைப்பவர்கள் பந்தலுக்குள் இருக்கையும் முதற்பந்தியும் தரவேண்டும் என்று உறுப்பினர் அனைவருக்கும் சுற்றறிக்கை அனுப்பப்பட்டுள்ளது. பெறாதவர்கள் அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

பயிற்சி வரும் தை மாதம் முதற் சனிக்கிழமை தொடங்கும். மாலை ஐந்து மணி முதல் ஆறரை மணி வரை. பெண்பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. ஆறு பறைகளுள் மூன்று அவர்களுக்கு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பொதுத்தேர்வு முடிந்த பின்பே சேரலாம். இதில் எவ்விதப் பரிந்துரையும் ஏற்கப்படமாட்டாது. பெயர் கொடுப்போர் இரவு எட்டு மணிக்குள் படிப்பகப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டுகிறோம்.